மார்பகத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷன்: முதல் யோசனையிலிருந்து ஆறாவது வாரம் வரை, நம் பக்கத்துப் பெண்களுக்கான முழு வழிகாட்டி

பெங்களூருவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் ஒன்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, இப்போது காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் இருக்கிறேன். தமிழ் பேசும் பெண்கள் யார் வந்தாலும் வார்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓசூர், பர்கூர், பாலக்கோடு, அரூர் என்று நம் பக்கத்தவர்கள் நிறைய பேர் வந்தார்கள். மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் சொல்லிவிட்டு வந்தது ஒன்றுதான்: "கட்டி எடுக்கறாங்கன்னு சொல்லிருக்கேன் அக்கா."

அரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்படித்தான் வந்தாள். ஆபரேஷன் நன்றாக நடந்து மூன்றாம் நாள் ஊருக்குப் போய்விட்டாள். சின்னக் கட்டிதானே என்று மாமியார் நினைத்துக்கொண்டார், அவர்மேல் தப்பில்லை. ஐந்தாம் நாள் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. இவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அன்று ராத்திரியே இடது மார்பு கல்லாக வீங்கி, வலியில் துடித்துக்கொண்டு காரில் வந்து இறங்கினாள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையலைப் பிரித்து ரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள், இன்றைக்கு நன்றாக இருக்கிறாள். அந்த ராத்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். ஆபரேஷன் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆறு வாரம் உடம்பைப் பார்த்துக்கொள்வது வீட்டில்தான். அந்த ஆறு வாரத்தை யாருக்குமே தெரியாமல் ஓட்ட முடியாது. ஒரே ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், இது உங்களுக்குத்தானா?

இரண்டு மார்பும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஏற்றத்தாழ்வாக இருப்பவர்கள், வளர்ச்சியே இல்லாதவர்கள், உடம்பு மெலிந்தபின் மார்பு வற்றிப்போனவர்கள், வெகுகாலமாக மனதில் இந்த ஆசையை வைத்திருப்பவர்கள் என்று பலர் வருகிறார்கள். எந்தக் காரணமும் கேவலமானது இல்லை. ஆனால் கேட்பது நீங்களாக இருக்க வேண்டும். புருஷன் சொன்னார், நிச்சயம் பண்ண வந்த வீட்டில் ஜாடையாகப் பேசினார்கள் என்றால் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். வலி உங்களுக்கு, தழும்பு உங்களுக்கு, பத்து வருஷம் கழித்து வரும் செலவும் உங்களுக்கு.

பிள்ளை பெற்று, பால் கொடுத்து, மார்பு தொங்கிவிட்டது என்று வருபவர்கள் அதிகம். முலைக்காம்பு மார்பின் அடிமடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் இம்ப்ளாண்ட் (பெரிதாக்க மார்புக்குள் வைக்கும் பை) மட்டும் வைத்துப் பயனில்லை. தூக்கித் தைக்கும் ஆபரேஷன் வேண்டியிருக்கும். சிலருக்கு இரண்டும் சேர்த்துச் செய்வார்கள். பால் நிறுத்தி ஆறு மாதமாவது ஆகட்டும், அதற்குள் மார்பு தன் அளவுக்கு வந்துவிடும். அடுத்த குழந்தை வேண்டும் என்ற எண்ணம் பக்கத்தில் இருந்தால் அதை முடித்துக்கொண்டு வருவதே நல்லது, ஏனென்றால் கர்ப்பம் மார்பின் உருவத்தை மறுபடி மாற்றும்.

வயது பற்றி ஒரு கணக்கு உண்டு. அழகுக்காக வைக்கும் சிலிக்கான் இம்ப்ளாண்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வைத்திருக்கும் வயது வரம்பு 22. கல்லூரிப் பெண்களுக்கு நான் சொல்வதும் அதுதான், பொறுங்கள். மார்பில் கட்டி இருந்தாலோ, அம்மா, அக்கா, தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலோ முதலில் அதைப் பரிசோதித்து முடிக்க வேண்டும்.

செல்போனில் விளம்பரம் வரும் எண்ணெய், கிரீம், மாத்திரை எதுவும் மார்பைப் பெரிதாக்காது. ஊசி போட்டே பெரிதாக்கித் தருகிறேன் என்று ஒரு அழகு நிலையம் சொன்னால் அந்தப் படியை மறுபடி மிதிக்காதீர்கள். மார்பில் சிலிக்கான் திரவத்தை ஊசியாகப் போட்டு, தசை அழுகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டாக்டரைத் தேடுவது

நம் மாவட்டங்களில் பெரும்பாலோர் இதற்குப் பெங்களூருவுக்கோ சேலத்துக்கோ போகிறார்கள். தருமபுரியிலிருந்து பெங்களூரு சுமார் 130 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90, ஓசூரிலிருந்து 40. சேலம் என்றால் தருமபுரியிலிருந்து 65 தான், ஆனால் நடுவில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. எங்கே போவது என்று முடிவு செய்யும்போது ஆபரேஷன் நாளை மட்டும் நினைக்காதீர்கள். ஒரு வாரம், மூன்று வாரம், ஆறு வாரம், மூன்று மாதம் என்று நான்கு முறையாவது திரும்பிப் போய்க் காட்ட வேண்டும்.

டாக்டரின் படிப்பு எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரியாகவோ டி.என்.பி. (இப்போது டாக்டர் என்.பி., DrNB) பிளாஸ்டிக் சர்ஜரியாகவோ இருக்க வேண்டும். "காஸ்மெட்டிக்" என்று பலகையில் எழுதியிருப்பதெல்லாம் அந்தப் படிப்பு ஆகாது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மாநில மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். சேலம் டாக்டர் தமிழ்நாட்டுக் கவுன்சிலிலும் பெங்களூரு டாக்டர் கர்நாடகக் கவுன்சிலிலும் பெரும்பாலும் இருப்பார்கள். எண்ணைக் கேட்டதற்கு ஒரு டாக்டர் முகம் சுளித்தால், அதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மயக்க மருந்துக்குத் தனி டாக்டர் இருக்கிறாரா, ராத்திரியில் பிரச்சினை வந்தால் அங்கேயே ஆபரேஷன் தியேட்டர் இருக்கிறதா, எந்த நிறுவனத்தின் இம்ப்ளாண்ட், திரும்ப ஆபரேஷன் தேவைப்பட்டால் யார் செலவு என்பதையெல்லாம் முதல் நாளே கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வாய்வார்த்தை போதாது, எழுதி வாங்குங்கள்.

செலவு லட்சங்களில்தான். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனை மருத்துவக் காப்பீடு ஏற்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் மார்பைச் சீரமைப்பது என்றால் கணக்கு வேறு, உங்கள் பாலிசியைக் காட்டிக் கேளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் ஏழைப் பெண்களுக்கு மார்பக ஆபரேஷன் இலவசமாகச் செய்வது 2018-ல் பெரிய செய்தியானது. பணம்தான் தடை, காரணமும் நியாயமானது என்றால் வட்டிக்கு வாங்குவதற்கு முன்னால் அங்கே ஒரு முறை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

எதை வைக்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள்

இம்ப்ளாண்ட் என்பது சிலிக்கான் உறைக்குள் சிலிக்கான் ஜெல்லோ உப்புநீரோ நிரப்பிய பை. நம் ஊரில் பெரும்பாலும் ஜெல்தான். 1962-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் முதல் சிலிக்கான் இம்ப்ளாண்ட் வைத்தார்கள். பாதுகாப்பு பற்றிய சந்தேகத்தால் 1992-ல் அங்கே நிறுத்தி, 2006-ல் திரும்ப அனுமதித்தார்கள். பிரான்ஸில் ஒரு நிறுவனம் மருத்துவத்துக்கு ஆகாத மலிவு சிலிக்கானை நிரப்பி விற்றது 2010-ல் வெளியே வந்து, உலகம் முழுக்கப் பெண்கள் தவித்தார்கள். நிறுவனத்தின் பெயரையும் தொடர் எண்ணையும் கேட்டு வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உறை வழுவழுப்பாகவும் இருக்கும், சொரசொரப்பாகவும் இருக்கும். சொரசொரப்பான உறையோடு தொடர்புடைய அபூர்வமான நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று உண்டு. அது மார்பகப் புற்றுநோய் அல்ல, இம்ப்ளாண்டைச் சுற்றியுள்ள சவ்வில் வருவது. இதனால் ஒரு பெரிய நிறுவனம் 2019-ல் தன் சொரசொரப்பு வகையை உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது. டாக்டர் எதைப் பரிந்துரைக்கிறார், ஏன் என்று கேளுங்கள்.

வைக்கும் இடம் இரண்டு: பால்சுரப்பிக்குக் கீழே, அல்லது மார்புத் தசைக்குக் கீழே. மேல்பாதி தசைக்கு அடியிலும் கீழ்ப்பாதி சுரப்பிக்கு அடியிலும் வைக்கும் கலப்பு முறையும் உண்டு. ஒல்லியான பெண்களுக்குத் தசைக்குக் கீழே வைத்தால் விளிம்பு வெளியே தெரியாது, ஆனால் முதல் வாரத்து வலி கூடுதல். அதோடு, கையை ஊன்றி எழும்போது மார்பு அசைவது தெரியும்.

வெட்டு மார்பின் அடிமடிப்பில், காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில், அல்லது அக்குளில் வரும். அடிமடிப்பில் போட்டால் மார்பின் நிழலிலேயே தழும்பு மறைந்துகொள்ளும், டாக்டருக்கும் உள்ளே நன்றாகத் தெரியும். கருவட்டத்தில் போட்டால் பால் குழாய்கள் வெட்டுப்படும் வாய்ப்பு அதிகம். பிள்ளை பெற இருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். பெரும்பாலோரால் பால் கொடுக்க முடிகிறது, சிலருக்குக் குறைகிறது.

இம்ப்ளாண்ட் வேண்டாம் என்பவர்களுக்கு, வயிற்றிலோ தொடையிலோ கொழுப்பை உறிஞ்சி மார்பில் ஏற்றும் வழியும் இருக்கிறது. ஏற்றிய கொழுப்பில் ஒரு பங்கை உடம்பு கரைத்துவிடும், அதனால் கொஞ்சமாகத்தான் பெரிதாகும். நம் பக்கத்து மெலிந்த பெண்கள் பலருக்கு எடுக்கவே கொழுப்பு இருக்காது.

அளவைப் பற்றி ஒரு யோசனை. 34, 36 என்று கடையில் கேட்கும் எண் நெஞ்சுக்கூட்டின் சுற்றளவுதான், மார்பின் கனம் அதில் இல்லை. இம்ப்ளாண்டை மில்லி கணக்கில் சொல்வார்கள். சமையலறை அளவுக் கிண்ணத்தில் 250 மில்லி அரிசியை அளந்து, மெல்லிய சாக்ஸில் கட்டி, பிராவுக்குள் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீட்டு வேலை செய்து பாருங்கள். அடுத்த நாள் 300 மில்லி. தோளும் முதுகும் சொல்லும் பதிலைக் கண்ணாடி சொல்லாது.

போவதற்கு முன், வீட்டைத் தயார் செய்யுங்கள்

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மார்பு ஸ்கேன் எல்லாம் எடுப்பார்கள். குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே புகையிலையை அடியோடு விட வேண்டும். வெற்றிலையோடு ஒரு துளி போட்டுக்கொள்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், தையல் ஆறாது. ஆஸ்பிரின், சில வலி மாத்திரைகள், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, நாட்டு மருந்து, கருத்தடை மாத்திரை என்று எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

அடுத்தது, அந்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. அம்மாவோ அக்காவோ கணவரோ கூடப் படித்த தோழியோ, யாராக இருந்தாலும் சரி. "எனக்கு ஆறு வாரத்துக்கு நீ கை" என்று சொல்லக்கூடிய ஆளாக இருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, அது உங்கள் சொந்த விஷயம். மற்றவர்களிடம் "நெஞ்சுல ஆபரேஷன், ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று சொன்னால் போதும். அதில் ஒரு பொய்யும் இல்லை. கட்டி எடுத்தார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாலு நாளில் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

பிறகு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் பன்னிரண்டு, பதினைந்து கிலோ வந்துவிடும். தண்ணீர் பிடிப்பது, மாட்டில் பால் கறப்பது, கல்லில் துணி துவைப்பது, களி கிண்டுவது எல்லாமே நெஞ்சுத் தசையால் செய்யும் வேலை. களி கிண்டுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். துடுப்பை இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பும்போது தையல் இழுபடும். ஆறு வாரத்துக்கு இதையெல்லாம் யார் பார்ப்பது என்று பேசி முடித்த பிறகு தேதி வாங்குங்கள். மாங்காய்ப் பருவத்தில் தோப்பு வேலை, அறுவடை, வீட்டுக் கல்யாணம் இருக்கும் மாதங்கள் வேண்டாம். கைக்குழந்தை இருந்தால் அதைத் தூக்கவும் ஆள் வேண்டும்; நீங்கள் உட்கார்ந்தபின் மடியில் கொண்டுவந்து வைக்கலாம்.

அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் டப்பாக்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைக்கவும். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நான்கு, கூடுதலாகத் தலையணைகள். பாயில் படுப்பவர்கள் இரண்டு வாரத்துக்குக் கட்டிலுக்கு மாறிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாது.

ஆபரேஷன் நாள்

ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாடு நிறுத்துவார்கள். தண்ணீர் எதுவரை என்பதை மயக்க மருந்து டாக்டர் சொல்வார். தாலி, வளையல், மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனசு வராதவர்கள் மஞ்சள் கயிறு ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு வருவார்கள், முதலிலேயே நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உட்கார வைத்தோ நிற்க வைத்தோ டாக்டர் மார்பில் பேனாவால் கோடு போடுவார். அந்த நேரத்தில் ஒரு பெண் நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

முழு மயக்கம்தான். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். கண் விழிக்கும்போது நெஞ்சின் மேல் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். குழாய் போட்டதால் தொண்டை கரகரக்கும், குளிர் நடுக்கம் வரும், சிலருக்கு வாந்தியும் வரும். சாயங்காலமே மெதுவாக நடக்க வைப்பார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் அது, வலிக்கிறது என்று மறுக்காதீர்கள். அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் உடனே கிளம்ப வேண்டாம். இரண்டு, மூன்று ராத்திரி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே தங்குங்கள். ரத்தம் கட்டுவது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில்தான் வெளிப்படும்.

திரும்பும்போது பஸ் வேண்டாம். கம்பியைப் பிடித்து ஏறுவதே ஆகாது. காரில் முன்சீட்டைச் சாய்த்து, சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் சின்னத் தலையணை வைத்து, வேகத்தடையில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்கவும்.

வீட்டில் ஆறு வாரம்

முதல் மூன்று நாள் வலி உச்சத்தில் இருக்கும். வலி வந்தபின் மாத்திரை தேடாமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். தலையும் முதுகும் உயரமாக, மல்லாந்து மட்டும் படுக்க வேண்டும். எழும்போது உங்கள் ஆள் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்கட்டும். தலை சீவுவதற்கும் அவரேதான். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும். பப்பாளி, கீரை, நிறையத் தண்ணீர்.

மூன்றாம், நான்காம் நாள் ஒரு அழுகை வரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கண்ணாடியில் பார்த்தால் மார்பு இரண்டும் கழுத்துக்குப் பக்கத்தில் ஏறி, வீங்கி, பளபளவென்று, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நிற்கும். "என்ன பண்ணிக்கிட்டேன் அக்கா" என்று ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குப் போன் வந்திருக்கிறது. இம்ப்ளாண்ட் கீழே இறங்கி உட்கார ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகும். முதல் மாதத்தில் பார்ப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

சாப்பாட்டில் பத்தியம் கிடையாது. பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், கத்தரிக்காய் ஆகாது, முட்டை ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் பாசத்தோடுதான் சொல்வார்கள். சர்க்கரை வியாதி போன்று வேறு காரணம் இல்லையென்றால் இதெல்லாம் வேண்டாம். தையல் ஆறப் புரதம் வேண்டும்: முட்டை, பருப்பு, கொள்ளு ரசம், மீன். ராகிக் களி தாராளமாகச் சாப்பிடலாம், வேறு ஆள் கிண்டட்டும். தையலின்மேல் மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை எதுவும் படக் கூடாது. எப்போது குளிக்கலாம் என்று டாக்டர் சொல்வார், பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில். கிணறு, ஏரி, ஒகேனக்கல் குளியல் எல்லாம் தையல் முழுக்க ஆறிய பிறகுதான்.

ஒரு வாரம், பத்து நாளில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகலாம். ஸ்கூட்டி இரண்டு வாரத்துக்குமுன் தொடாதீர்கள், திடீரென்று பிரேக் பிடிக்கும் பலம் கைக்கு வந்திருக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் வலி போய்விடும். அபாயமான காலமே அதுதான். நன்றாக இருக்கிறது என்று பக்கெட்டைத் தூக்கிவிடுவார்கள். இரண்டு கிலோவுக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம். டாக்டர் கொடுத்த சப்போர்ட் பிராவை ராத்திரியும் போட்டிருக்க வேண்டும். கம்பி வைத்த பிரா ஆறு வாரத்துக்குப் பிறகு. கார்மெண்ட்ஸில் மெஷின் ஓட்டுபவர்களுக்கும் பூப்பண்ணையில் வேலை செய்பவர்களுக்கும் முழு வேலை ஆறு வாரம் கழித்துத்தான், டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காம்பில் மரத்த உணர்வோ, துணி பட்டாலே சுருக்கென்ற கூச்சமோ சில மாதம் இருக்கும். சிலருக்கு அது நிரந்தரமாகவே தங்கிவிடுவதுண்டு. தழும்பு முதலில் கறுத்துத் தடிக்கும், மங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். காது குத்திய இடத்திலோ சின்ன வயதில் கையில் பி.சி.ஜி. (காசநோய்) தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு உருண்டு வளர்ந்திருந்தால் அதை டாக்டரிடம் முன்பே காட்டிவிடுங்கள். உங்கள் தோலுக்கு அந்தச் சுபாவம் உண்டு என்று அர்த்தம்.

எப்போது உடனே ஓட வேண்டும்

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெரிதாகி, இறுகி, வலித்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மார்பில் சூடும் சிவப்பும் பரவுவது, தையலில் நாற்றமோ நீரோ வருவது என்றால் அன்றே டாக்டருக்குப் போன். கெண்டைக்காலில் ஒரு பக்கம் வீக்கமும் வலியும், மூச்சு முட்டல், நெஞ்சில் குத்தல் என்றால் 108-ஐக் கூப்பிட்டு, தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எது பக்கமோ அங்கே போய்விடுங்கள். அங்கே வெட்கத்தைப் பார்த்து ஆபரேஷனை மறைக்காதீர்கள். கூட வரும் ஆளுக்கு உண்மை தெரிந்திருந்தால் நீங்கள் மயங்கிக் கிடந்தாலும் அவர் சொல்லிவிடுவார்.

வருஷங்கள் கழித்து

இம்ப்ளாண்ட் ஆயுளுக்கும் வராது. எட்டிலிருந்து பத்து வருஷத்துக்குள் ஐந்தில் ஒருவருக்கு எடுக்க வேண்டி வருகிறது என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கணக்கு. முக்கியக் காரணம், இம்ப்ளாண்டைச் சுற்றி உடம்பு கட்டும் சவ்வு இறுகிப் போவது. மார்பு கெட்டியாகும், உருவம் கோணும், முற்றினால் வலிக்கும். உறை கிழிவதும் உண்டு. ஜெல் வகையில் அது வெளியே தெரியாமலேயே நடக்கும் என்பதால், ஐந்தாறு வருஷத்தில் முதல் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ, அதன்பின் இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறார்கள். பல வருஷம் கழித்து ஒரு பக்கம் நீர்கோத்து வீங்கினால் அந்த அபூர்வப் புற்றுநோயா என்று பரிசோதிக்க வேண்டும். ஓயாத களைப்பு, மூட்டுவலி, மறதி என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கத் தனிப் பரிசோதனை கிடையாது, ஆனால் இம்ப்ளாண்டை எடுத்தபின் தேறியவர்கள் உண்டு. "மனப்பிரமை" என்று தள்ளிவிடும் டாக்டரை விட்டு வேறு டாக்டரிடம் போங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முகாமிலோ மார்பகப் பரிசோதனைக்குப் போய், மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) எடுக்கச் சொன்னால், எடுப்பவரிடம் இம்ப்ளாண்ட் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். அதை ஒதுக்கிப் பிடித்துக் கூடுதல் படம் எடுப்பார்கள். இம்ப்ளாண்ட் அட்டையில் நிறுவனம், அளவு, தொடர் எண், தேதி எல்லாம் இருக்கும். ஒரு நகலை ரேஷன் கார்டோடு வையுங்கள். இன்னொன்றை அந்த ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.